பலதுறைக் குழுச் செயற்றிட்டம்: திருகோணமலை மாணவரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் ஓவியம், நாடகம், இசை, வடிவமைப்பு, தொடர்பாடல் ஆகியவற்றைப் பயிலும் மாணவர்களின் குழுச் செயற்றிட்டங்களுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். ஒவ்வோர் அரையாண்டின் தொடக்கத்திலும் அதே ஐயங்கள், ஏறக்குறைய அதே சொற்களில், வட்ஸ்அப்பிலும் வகுப்பறை வாசலிலும் சில வேளை அநுராதபுரச் சந்தித் தேநீர்க் கடையிலும் என்னிடம் வந்துசேர்கின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கு தொகுத்திருக்கிறேன்.

விடைகளில் ஓர் உதாரணம் திரும்பத் திரும்ப வரும். உப்புவெளிக் கரையில் இழுக்கப்படும் கரைவலையைப் பற்றி ஐந்து மாணவர் செய்த இருபது நிமிட ஆற்றுகை அது. நாடகம், இசை, ஓவியம், கிராபிக் வடிவமைப்பு, வீடியோ என ஒரு துறைக்கு ஒருவர் அதில் இருந்தனர். அதில் பிழைத்தவை சிலவற்றையும் சொல்லியிருக்கிறேன். அவற்றுட் பாதி என் கவனக்குறைவால் நேர்ந்தவை.

1. பலதுறைக் குழுச் செயற்றிட்டம் எண்டா என்ன? ஆளுக்கொரு பங்கைச் செய்து கடைசியில ஒண்டாச் சேர்க்கிறதுதானே?

பெரும்பாலான குழுக்கள் அப்படித்தான் தொடங்குகின்றன, அப்படியே முடிந்தும் விடுகின்றன. நாடக மாணவி பிரதியை எழுதுவார், ஓவிய மாணவர் பின்திரையை வரைவார், வீடியோ மாணவர் படம் பிடிப்பார், ஒப்படைக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு எல்லாம் ஒரு மேடையில் ஏற்றப்படும். ஒவ்வொன்றும் தனித்தனியே அழகாக இருக்கும். ஆனால் நடிகை நிற்க வேண்டிய இடத்தில் புறொஜெக்டரின் ஒளி விழுந்து அவருடைய முகத்தின் மேல் படகு ஓடும்.

நான் இச்சொல்லால் கருதுவது வேறு. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவருடைய வேலையை மாற்ற வேண்டும்; மற்றவருடைய வேலையைப் பார்த்த பிறகு தன் முடிவையும் அவர் திருத்த வேண்டும். பின்திரையின் நிறம் வீடியோவின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது, பாட்டின் நீளம் வீடியோவின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு துறைகள் ஒட்டும் இந்த இடங்களை நாங்கள் 'பொருத்து' என்கிறோம். தச்சுவேலையில் இரு மரங்கள் சேரும் இடத்துக்குரிய சொல் அது. மதிப்பிடும்போது நான் முதலிற் பார்ப்பதும் பொருத்துகளைத்தான்.

2. இது வெளிநாட்டுப் பழக்கம்தானே? எங்கட ஆக்களுக்கு ஒத்துவருமா?

ஒரு கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பிலும் கொட்டியாரப் பக்கத்துக் கிராமங்களிலும் கூத்துப் பழகுவதென்றால் அண்ணாவியார் ஆட்டமும் பாட்டும் மத்தளமும் பழக்குவார், ஏட்டண்ணாவியார் ஏட்டைப் பார்த்துப் பிழை திருத்துவார், பிற்பாட்டுக்காரர் நிற்பர், உடுப்பும் முடியும் கட்டுவோர் வேறு இருப்பர், களரி போடுவோர் ஊரவர். ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் 'சட்டங்கொடுத்தல்' முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் நடக்கும் இவ்வேலையைவிடப் பெரிய பலதுறைக் குழுவை எந்தப் பாடநெறியும் கேட்டதில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்து மரபையும் பல்கலைக்கழக மாணவரையும் சேர்த்து, விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தைச் சில மணித்தியாலங்களுக்குள் அடங்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். களரி மாறியதும் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் பார்த்து ஆடுவது என்பதே புதிய வினாவாயிற்று. அதுவும் ஒரு பொருத்துப் பிரச்சினைதான்.

வெளிநாட்டு முன்மாதிரியும் இருக்கிறது. 1919இல் ஜேர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஆரம்பத்தில் இரண்டு ஆசான்கள் இருந்தனர். ஒருவர் வடிவத்தைக் கற்பித்த கலைஞர், மற்றவர் கைவினைஞர். இதைப் பதின்மூன்றாம் கேள்வியில் மீண்டும் எடுப்பேன்.

3. தனியச் செய்தா இதைவிட நல்லாச் செய்வன். ஏன் கட்டாயப்படுத்துறீங்கள்?

சில வேலைகளுக்கு நீங்கள் சொல்வது சரி. ஒரு சுவரொட்டிக்கோ ஒரு சிறுகதைக்கோ ஐவர் தேவையில்லை. அத்தகைய தலைப்பைக் குழுவுக்குக் கொடுத்தால் அது கொடுத்தவரின் பிழை. ஒருவரால் செய்ய முடியாத வேலையையே குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பாடவும் வரையவும் படம் பிடிக்கவும் தெரிந்த ஒருவர் இருந்தாலும், மேடையில் பாடிக்கொண்டே அரங்கின் பின்வரிசையில் புறொஜெக்டரை இயக்க அவரால் முடியாது.

4. குழுவில எத்தனை பேர் இருந்தா நல்லம்?

நான்கு அல்லது ஐந்து. காரணம் எளிய கணக்கு. நால்வர் இருந்தால் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 6, ஐவர் எனில் 10, எண்மர் எனில் 28. எண்மர் குழுவில் யாருக்கு யார் எதைச் சொன்னார் என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலையாகிவிடும்.

இன்னொரு காரணத்தைக் கரைவலைக் குழுவுக்கே சொன்னேன். மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். இருவர் சேர்ந்து இழுத்தபோது தலைக்குக் கிடைத்த பலம் தனியே இழுத்ததில் 93 வீதம், மூவராகும்போது 85, எண்மராகும்போது 49 வீதம். இதற்கு இரண்டு காரணங்கள் பின்னர் பிரித்தறியப்பட்டன: எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காமை ஒன்று, 'மற்றவர்கள் இழுக்கிறார்களே' என்று கை தளர்வது மற்றொன்று. 1979இல் லட்டனே என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கைதட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்தபோது இரண்டாவது காரணமும் மெய்யென்று தெரிந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த இசை மாணவி, "அதுக்குத்தானே அம்பாப் பாட்டு" என்றார். கரைவலை இழுப்போர் பாடும் அம்பா, எல்லாக் கைகளையும் ஒரே கணத்தில் இழுக்கவைக்கிறது. வாய் அசையாமல் நிற்பவரையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அன்றே அக்குழுவின் கரு கிடைத்துவிட்டது.

5. கூட்டாளிமாரோட சேரலாமா?

ஒரு கூட்டாளியோடு சேரலாம். நான்கு கூட்டாளிகள் ஒரே வகுப்பிலிருந்து வந்தால் துறை ஒன்றாகிவிடும், அப்போது முதற் கேள்விக்கே இடமில்லை.

6. எனக்கு மற்றத் துறை ஒண்டும் தெரியாது. எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்?

செய்யத் தெரிய வேண்டியதில்லை. கேட்கத் தெரிய வேண்டும். உங்கள் வேலை அடுத்தவர் கைக்குப் போகும்போது அது எந்த வடிவில், எந்த அளவில், எந்தக் கோப்பாகப் போக வேண்டும் என்று கேட்குமளவுக்கு அறிவு போதும். அந்த அளவுகூட இல்லாமல் போனதால் நேர்ந்த மூன்று விபத்துகளைச் சொல்கிறேன்.

முதலாவது எழுத்துரு. நாடக மாணவி பதாகைக்கான வாசகங்களைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்பினார். வடிவமைப்பாளரின் கைபேசியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக விரிந்தது. யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் உள்ளன என்பதை அறியாத அவர், இரவு பன்னிரண்டு மணிக்கு நினைவிலிருந்து திரும்பத் தட்டச்சுச் செய்து அச்சுக்குக் கொடுத்தார். பத்தடிப் பதாகையில் 'கரைவலை' என்பது 'கரைவளை' ஆயிற்று. மறுநாள் அதைப் பார்த்த வலைகாரப் பெரியவர், "இது நண்டுக்குச் செய்த வேலையோ தம்பி?" என்று கேட்டார்.

இரண்டாவது அளவு. வடிவமைப்பு மாணவர் பலகைகளுக்கான தன் வரைபடத்தை மில்லிமீற்றரில் வரைந்தார். ஒரு பலகை 1200 மில்லிமீற்றர் அகலம், நான்கு பலகைகளுக்கு 4800. மண்டபத் தூண்களுக்கு இடையில் இருந்த வெளி 4850. தச்சரிடம் அடிக்கணக்கில்தான் பேச்சு. கடையில் விற்கும் பிளைவூட் எட்டடிக்கு நாலடி. நாலடி என்பது ஏறத்தாழ 1220. நான்கையும் அடுக்கியபோது 4880 வந்து, மூன்று சென்ரிமீற்றரால் உள்ளே போகாமல் நின்றன. தச்சர் ஒன்றும் பேசாமல் சீவுளியை எடுத்து அரை மணித்தியாலத்தில் ஓரத்தைச் சீவிக்கொடுத்தார். வரைபடத்தில் கையொப்பமிட்டவன் நான்.

மூன்றாவது நேரம். வீடியோ சரியாக நான்கு நிமிடம் பன்னிரண்டு செக்கன். ஒத்திகையில் சரியாகப் பொருந்திய பாட்டை, முதல்நாட் காட்சியில் கூட்டம் கைதட்டியதால் மத்தளக்காரர் இன்னொரு சுற்று வாசித்தார். பாட்டு நடந்துகொண்டிருக்க திரை கறுத்துப்போனது. நேரடி இசைக்குப் பின்னால் வீடியோ ஓட வேண்டுமென்றால் அதை ஒரே நீளமாக வெட்டக் கூடாது. பின்னர் அதை ஆறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் கடைசிக் காட்சியையும் நிறுத்திவைக்கக்கூடிய அசையாப் படமாக்கி, பிற்பாட்டுக்காரர் தலையசைக்கும்போது அடுத்ததை விடும்படி அமைத்தோம்.

7. தலைவர் யார்? தலைவர் தேவையா?

தேவை. ஆனால் 'தலைவர்' என்ற சொல் வந்ததும் ஒருவர் கட்டளையிடத் தொடங்கிவிடுகிறார், அல்லது வகுப்பில் அதிகம் பேசுபவருக்கு அப்பட்டம் போய்விடுகிறது. அண்ணாவியார் அதிகாரம் பெறுவது ஆட்டம், பாட்டு, தாளம் மூன்றும் கைவரப்பெற்றவர் என்பதால். இருபத்தொரு வயதில் அப்படி ஒருவர் உங்கள் குழுவில் இருக்கமாட்டார். ஆகவே நான் இரண்டு பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கிறேன். ஒருவர் நாட்காட்டிக்குப் பொறுப்பு: கூட்டம், காலக்கெடு, மண்டபம், செலவுக் கணக்கு. மற்றவர் பொருத்துகளுக்குப் பொறுப்பு: யாருடைய வேலை யாரிடம் எப்போது எந்த வடிவில் போகிறது என்ற பட்டியலை வைத்திருப்பார். இரண்டாமவர் பேசாதவராக இருந்தாற்கூடப் பரவாயில்லை, எழுதிவைப்பவராக இருந்தால் போதும்.

8. எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி (credit) என்பது விரிவுரை, வாசிப்பு, செய்முறை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலக் கற்றல். மூன்று திறமைப்புள்ளிச் செயற்றிட்டம் எனில் ஒருவருக்கு 150 மணித்தியாலம், பதினைந்து வார அரையாண்டில் வாரத்துக்குப் பத்து. ஐவருக்கு 750. இத்தொகையைப் பலகையில் எழுதியதும் வகுப்பு ஒருமுறை அமைதியாகும்.

அந்த நேரம் நாட்காட்டியில் சீராகப் பரவியிருப்பதில்லை. வெள்ளி மதியம் ஜும்ஆ, நோன்பு மாதத்தில் பின்னேர ஒத்திகை கடினம், சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம், பத்திரகாளி அம்பாள் உற்சவம், போயா விடுமுறைகள். இவை முதல் வாரத்திலேயே குறிக்கப்பட வேண்டியவை. வானிலையும் அப்படியே. நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை இருக்கிறது. திறந்தவெளிக் காட்சி வைக்க நினைப்பவர் வேறு மாதம் பார்க்க வேண்டும். ஆண்டின் நடுப்பகுதியில் மழை இராது, ஆனால் கச்சான் காற்று வீசும். கடற்கரையில் துணித்திரை கட்டினால் அது பாய்மரமாகிவிடும். திரையில் ஓட்டைகள் இட்டும் காற்றை எதிர்கொள்ளாத திசையிற் கட்டியுமே தப்பினோம்.

9. "ஆறு மணிக்குப் பிறகு ஒத்திகை எண்டா மகளை அனுப்பமாட்டம்." இதுக்கு என்ன சொல்றது?

பெற்றோருடன் வாதிடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வரும் மாணவிகளுக்குக் கடைசிப் பேருந்து தவறினால் என்ன ஆகும் என்பது நகரத்துக்குள் இருக்கும் மாணவர்களுக்கு உறைப்பதில்லை. கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை' எனப்படும் மிதவையில் நீரைக் கடந்து வந்த தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். நேரத்தைப் பற்றிய அச்சம் அவ்வீடுகளில் சும்மா வந்ததன்று.

உண்மையான சிக்கல் வெளிச்சம். திறந்தவெளியில் வீடியோவைக் காட்ட இருள் வேண்டும். இங்கு மாலை ஆறு, ஆறரைக்கு முன் இருள்வதில்லை. ஆகவே வழமையான ஒத்திகைகளை யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிய மண்டபத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கிறோம். வெளியில் நடக்கும் தொழில்நுட்ப ஒத்திகை ஒன்றே ஒன்று. அதற்கு வான் ஒழுங்குசெய்து, திரும்பும் நேரத்தைப் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். வான் கூலியும் செயற்றிட்டச் செலவில் சேர வேண்டும்.

10. ஒருத்தர் ஒண்டுமே செய்யல்ல. அவருக்கும் எங்களுக்கும் ஒரே புள்ளியா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். நான்காம் விடையில் சொன்ன கை தளர்தல், தனியாளின் பங்கு கண்ணுக்குத் தெரியாதபோதுதான் வளர்கிறது. எனவே முதல் மருந்து பங்கைத் தெரியவைப்பது: ஒவ்வொருவரும் வாரம் ஒரு பக்கம் செயற்குறிப்பு எழுதுவர், என்ன செய்தேன், யாருக்குக் கொடுத்தேன், யாரிடமிருந்து பெற்றேன் என்று.

இரண்டாவது, கணக்கு. ஐவர் குழுவில் ஒவ்வொருவரும் மற்ற நால்வருக்கும் 100 புள்ளியைப் பங்கிட்டுக் கொடுப்பர். எல்லாரும் சமமாக உழைத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் மொத்தம் 100 வந்துசேரும். குழுவின் புள்ளி 70 என்று கொள்வோம். அதில் பாதி, அதாவது 35, அனைவருக்கும் அப்படியே கிடைக்கும். மற்றப் பாதி, ஒருவர் சகாக்களிடம் பெற்ற மொத்தம் 100க்கு எந்த விகிதமோ அதனாற் பெருக்கப்படும். 112 பெற்றவருக்கு 35 உடன் 39.2 சேர்ந்து 74.2. 60 மட்டுமே பெற்றவருக்கு 35 உடன் 21 சேர்ந்து 56. முழுப் புள்ளியையும் பெருக்கினால் அவருக்கு 42 தான் வரும். நான் அப்படிச் செய்வதில்லை, ஏனெனில் மாணவர்களின் மதிப்பீட்டிற் பழைய மனக்கசப்பும் கலந்திருக்கும். மூவர் சேர்ந்து ஒருவரை ஒதுக்கிய குழுக்களையும் கண்டிருக்கிறேன். கணக்குக்கும் செயற்குறிப்புக்கும் இடையில் முரண் தெரிந்தால் அந்த ஐவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவேன்.

ஒன்றும் செய்யாதவர் என்று முறையிடப்பட்டவருள் சிலர் வீட்டில் நோயாளி இருந்ததால் வராதவர், சிலர் லப்டொப் இல்லாததால் பேசாமல் இருந்தவர். இதை ஆறாவது வாரத்திலேயே சொன்னால் ஏதாவது செய்யலாம். பதினைந்தாவது வாரத்தில் சொன்னால் புள்ளியைப் பற்றி மட்டுமே பேச முடியும்.

11. நான் படிக்கிறது வடிவமைப்பு. குழுவில என்னை பதாகை அடிக்க மட்டும் கூப்பிடுறாங்கள்.

உங்கள் முறைப்பாடு நியாயமானது. பிரதி முடிந்து, இசை முடிந்து, கடைசி வாரத்தில் 'அழகாக்க' அழைக்கப்படும் வடிவமைப்பாளருக்கு முடிவெடுக்க எதுவும் மீதமிருக்காது. முதற் கூட்டத்திலேயே ஒரு கேள்வியைக் கொண்டு போங்கள்: பார்ப்பவர் எங்கே நிற்பார், எந்தப் பக்கமிருந்து வருவார், முதலில் எதைக் காண்பார்? கரைவலைக் குழுவில் இக்கேள்வியை எழுப்பியவர் வடிவமைப்பு மாணவர். இரண்டு கயிறுகள் கரைக்கு வரும் வலை அது. ஆகவே பார்வையாளரை இரண்டு கயிறுகளுக்கும் நடுவில், வலை வந்து சேரும் இடத்தில் இருத்துவோம் என்றார். மேடை என்பதே அதன்பின் இல்லாமற் போயிற்று. நாடக மாணவி பிரதியின் பாதியைத் திருப்பி எழுத வேண்டி வந்தது. அவருக்கு இரண்டு நாள் கோபம்.

12. மூண்டாம் கிழமையே சண்டை. குழுவை மாத்தலாமா?

மாற்ற முடியாது, அச்சுறுத்தலோ அவமதிப்போ நடந்திருந்தால் தவிர. அப்படி நடந்தால் குழுவுக்குள் தீர்க்க முயலாமல் நேரே என்னிடம் வாருங்கள்.

குழுக்கள் கூடி, மோதி, வழமைக்கு வந்து, பின்னரே இயங்கும் என்று புரூஸ் டக்மன் 1965இல் எழுதியது எல்லாப் பயிற்சிப் பட்டறைகளிலும் சொல்லப்படுகிறது. அவர் பார்த்த ஆய்வுகளிற் பெரும்பகுதி உளச்சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை என்பது சொல்லப்படுவதில்லை. எனவே 'இது இயல்பான கட்டம்' என்று ஆறுதல் கூறி விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. எதைப் பற்றிய சண்டை என்று பார்க்க வேண்டும். வேலையைப் பற்றியதெனில், இரண்டு யோசனைகளையும் பத்து நிமிட மாதிரியாகச் செய்து அடுத்தடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். வாய்ப்பேச்சில் வெல்லும் யோசனை, செய்து பார்க்கையிற் பல தடவை தோற்றிருக்கிறது.

13. ரெண்டு விரிவுரையாளரும் எதிரும் புதிருமாச் சொல்றாங்கள். யார் சொல்றதைக் கேக்கிறது?

இரண்டாம் விடையிற் சொன்ன இரட்டை ஆசான் முறை பௌஹவுஸிலேயே நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1925இல் பள்ளி டெஸாவ் நகருக்குப் போனபின், வடிவமும் கைவினையும் இரண்டும் கற்ற முன்னாள் மாணவர் சிலரே பட்டறைகளின் ஆசான்களாயினர். நம்மிடம் அந்த வசதி இன்னும் இல்லை. மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற இடங்களில் ஒரு கலையை ஆழமாகப் பயின்று வந்தவர்களும், தொடர்பாடலோ கணினியோ பயின்றவர்களும் ஒரே குழுவுக்கு வழிகாட்டும்போது அளவுகோல்கள் வேறுபடுவது இயற்கை.

செய்ய வேண்டியது இது: இருவர் சொன்னதையும் செயற்குறிப்பில் அவரவர் பெயருடன் எழுதுங்கள், இருவரையும் ஒரே கூட்டத்துக்கு அழையுங்கள், அங்கே வாசியுங்கள். எங்கள் வாயிலிருந்து வந்த முரண் எங்கள் முன்னால் வாசிக்கப்படும்போது அதைத் தீர்ப்பது எங்கள் கடமையாகிறது.

14. குழுவில தமிழ், சிங்களம் ரெண்டும் பேசுற ஆக்கள். எந்த மொழியில வேலை செய்யிறது?

பேச்சுக்கு எம்மொழியும் ஆகட்டும்; முடிவுகளை மட்டும் படமாகவும் எண்ணாகவும் எழுதுங்கள். மேடையின் வரைபடம், நேர அட்டவணை, நிற மாதிரித் துண்டு ஆகிய மூன்றும் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் மொழிபெயர்ப்பிற் தவறும் விடயம் பாதியாகக் குறையும்.

காட்சிப் பலகைகளில் மூன்று மொழிகள் வருமானால், முதலில் தமிழ் வாசகத்தை வைத்தே பலகையை வடிவமையுங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழ் அடங்காது. அடக்குவதற்காக எழுத்தைச் சிறிதாக்குவார்கள், பிறகு வாசிக்க வேண்டிய பெரியவர்களால் வாசிக்க முடியாது.

15. மீனவரிட்டயும் அண்ணாவியாரிட்டயும் போய்ப் பதிவு எடுத்தாச் சரியா?

முதல்நாள் கருவியில்லாமல் போங்கள். எதற்காக, எங்கே காட்டப்போகிறோம், யூடியூப்பில் போடுவோமா இல்லையா என்பதைச் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். கையொப்பம் வாங்கத் தயக்கமாயிருந்தால் சம்மதத்தையே குரலிற் பதியலாம். வலை இழுக்கும் நேரத்தில் யாரையும் நிறுத்திப் பேட்டி கேட்காதீர்கள், மீன் காத்திருக்காது. பாடிக்கொடுத்தவருக்கும் கற்றுக்கொடுத்தவருக்கும் ஒரு தொகை செலவுத்திட்டத்தில் இருக்க வேண்டும். 'மரியாதைக்கு' ஒரு பொன்னாடையோடு முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. முடிந்த வேலையை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள். 'நண்டு வளை'யைக் கண்டுபிடித்தவர் அவர்களுள் ஒருவர்தான். காட்சிக்கு ஒருநாள் முன்னர் கண்டதால் பதாகையை மாற்ற முடிந்தது.

16. செய்த படைப்பின்ட உரிமை யாருக்கு?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கூட்டாகப் படைக்கப்பட்ட ஒன்றின் பொருளாதார உரிமை தொடக்கத்தில் அக்கூட்டுப் படைப்பாளிகளுக்குரியது. ஆனால் அதன் பகுதிகளைத் தனியே பயன்படுத்த முடியுமாகவும், எந்தப் பகுதி யாருடையது என்று அடையாளம் காண முடியுமாகவும் இருந்தால், அப்பகுதியின் உரிமை அதைப் படைத்தவருக்கு. உதாரணமாக, இசை மாணவி புதிதாக அமைத்த இசையைத் தனியே வெளியிடலாம். மீனவர் பாடிய அம்பா அம்மாணவி அமைத்ததன்று, ஆகவே அதைத் தன் படைப்பென்று அம்மாணவி போட முடியாது. கூட்டுப் படைப்புக்கான பாதுகாப்பு, கடைசியாக உயிர்வாழும் படைப்பாளி இறந்தபின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும்.

பொருளாதார உரிமை வேறு, தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற தார்மிக உரிமை வேறு. ஆகவே பெயர்ப்பட்டியலை முதல் மாதத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். உங்கள் நிறுவனத்தின் கையேட்டில் இதுபற்றி விதி இருந்தால் அதையும் வாசித்துவிடுங்கள்.

17. ஓவியர் ஒருத்தர் குறையுது. செயற்கை நுண்ணறிவால படம் செய்து போடலாமா?

முன்னோட்டம் பார்க்கப் பயன்படுத்தலாம், பயன்படுத்தியதைச் செயற்குறிப்பில் எழுத வேண்டும். ஓவியருக்குப் பதிலாக வைக்கக் கூடாது. கரைவலைக் குழு ஒருமுறை முயன்றது. கேட்டது கரைவலை, வந்தது ஒருவர் தனியே நின்று வீசும் வீச்சுவலை. பார்க்க மிக அழகாக இருந்ததால் அந்தப் பிழை இரண்டு கூட்டங்கள் வரை எவர் கண்ணிலும் படவில்லை. ஓவிய மாணவர் அதன்பின் கரைக்குப் போய், கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பின்னோக்கி நடப்பவரின் குதிகால் மணலில் எவ்வளவு புதைகிறது என்று மூன்று காலைகள் வரைந்தார். அந்தக் குதிகால்கள்தாம் பின்திரையாயின.

18. மழையால காட்சியே நடக்கல்ல. அப்ப புள்ளி இல்லையா?

இருக்கிறது. செயற்குறிப்புகள், மாதிரிகள், பொருத்துப் பட்டியல், ஒத்திகைப் பதிவு ஆகியவற்றுக்கு 100இல் 60ஐ நான் ஒதுக்குகிறேன், காட்சிக்கு 40. மழைக்கு மாற்று இடம் யோசிக்காமல் விட்டிருந்தால் அந்த 40இல் குறையும். எட்டாம் விடையை வாசித்தவர் அதைத் தவிர்த்திருப்பார்.

19. வேலைக்கு விண்ணப்பிக்கேக்க இதை எப்படிப் போடுறது? ஐஞ்சு பேர் செய்ததை என்ரை எண்டு சொல்லலாமா?

சொல்லக் கூடாது, ஒளிக்கவும் தேவையில்லை. மாணவர் பலர் முழு ஆற்றுகையின் படத்தைப் போட்டு 'குழு வேலை' என்று மட்டும் எழுதுகிறார்கள். நேர்முகத்தில் இருப்பவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. குழுவின் அளவையும், உங்கள் பங்கையும், ஒரு பொருத்தையும் எழுதுங்கள். வீடியோ மாணவர் எழுதியதை அவருடைய அனுமதியோடு தருகிறேன்: "கரைவலை. 20 நிமிட ஆற்றுகை, ஐவர் குழு. படப்பிடிப்பும் தொகுப்பும் என்னுடையவை. பாட்டு நீண்டதால் முதற்காட்சியில் திரை கறுத்தது. பின்னர் வீடியோவை ஆறு துண்டுகளாக்கிப் பிற்பாட்டுக்காரரின் தலையசைப்புக்கு இயக்கினேன்." நேர்முகத்தில் அவரிடம் அந்தக் கறுத்த திரையைப் பற்றித்தான் இருபது நிமிடம் கேட்டார்களாம்.